கூடை ஏறாத மத்தியானம்

1. பெயர் கேட்ட நாள்

பீங்கான் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர் சார் என் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"பேரு என்னம்மா?"

சொன்னேன்.

"என்னா?"

மறுபடியும் சொன்னேன். அவர் காதை என் பக்கம் திருப்பினார். அந்த நேரம் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு போன ஒரு அக்கா நின்று, "அஞ்சலையாம் சார். வாய்க்குள்ளயே சொல்லி வாய்க்குள்ளயே முழுங்கிடுது இந்தப் பொண்ணு" என்றார். அவர்தான் கமலா அக்கா. நான் சொன்னது அவருக்கு மட்டும் எப்படிக் கேட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"படிச்சிருக்கியா?"

தலையை ஆட்டினேன்.

"எத்தினியாவது?"

கையை விரித்துக் காட்டினேன். சார் சிரித்துவிட்டார். "அஞ்சாவதா? போதும். பலகை தூக்க வாய் எதுக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. விருத்தாசலத்தில் ஊரை ஒட்டிச் சின்னச் சின்னப் பீங்கான் கம்பெனிகள் இருந்தன. எங்களுடையதும் அப்படி ஒன்று. ஓட்டுக் கொட்டகை, பின்னால் விறகுச் சூளை, நடுவில் பெரிய களம். தண்ணீராகக் கரைத்த வெள்ளை மண்ணை ஸ்லிப்பு என்போம். அதைப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்தால், அச்சு ஈரத்தை உறிஞ்சி ஓரமாக ஒரு தோல் கட்டும். மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே பொம்மை இருக்கும். சுடாத அந்தப் பொம்மைக்குப் பச்சைச் சரக்கு என்று பெயர். அதைப் பலகையில் அடுக்கிக் களத்துக்குக் கொண்டுபோய் வெயிலில் காயவைப்பதும், பக்கம் மாற்றித் திருப்புவதும், காய்ந்ததைச் சூளைக்குக் கொடுப்பதும் என் வேலை.

பச்சைச் சரக்குக்கு ஒரே ஒரு பகை மழை. நாலு தூறல் பட்டால் போதும், பொம்மை திரும்பவும் மண்ணாகிவிடும்.

2. மத்தியான ரேடியோ

கத்திரி வெயிலில் மழைக்கு என்ன வேலை என்று நினைப்பீர்கள். எங்கள் ஊரில் கத்திரியில்தான் இடிமழை. காலையில் வானம் துடைத்துவைத்த மாதிரி இருக்கும். மத்தியானம் தாண்டினால் மேற்கே ஒரு மேகம் எழும்பும். சில வருஷம் ஒன்றிரண்டு நாளில் போய்விடும். நான் சேர்ந்த அடுத்த வருஷம் அது விடவே இல்லை. தினமும் மேகம், தினமும் எங்கேயோ இடி.

மேனேஜர் சார் அறையில் ஒரு ரேடியோ இருந்தது. கரண்டில் ஓடுவது. கூரைக்கு மேலே கம்பி இழுத்துக் கட்டியிருக்கும். மத்தியானம் செய்தி முடிந்ததும் வானிலை சொல்வார்கள். அதைக் கேட்டுக் களத்துக்காரர்களுக்குச் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

"இதுதான் படிச்ச பொண்ணு. கேட்டுப் போயி சொல்லட்டும்" என்றார் சார்.

நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்பேன். ரேடியோவில் பேசுகிறவர் ஒருநாளும் அவசரப்பட மாட்டார். தமிழ்நாட்டின் உள்பகுதியில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்பார். அந்தக் குரல் வரும்போது எனக்கு எதிரே களம் தெரியும். கண் எழுதாத முகத்தோடு வெள்ளை வெள்ளையாய்ப் பொம்மைகள் வெயிலில் படுத்திருக்கும். தரையிலிருந்து எழும் அனலில் எல்லாம் மெல்ல அசைகிற மாதிரி இருக்கும். அந்த ஓரிரு இடம் எதுவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே நிற்பேன். மழை ஒரு பெண்ணைப் போலப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயல்மேல் நடந்து வருவதாகவும், இன்றைக்கு நல்லூரில் இறங்கலாமா, கம்மாபுரத்தில் இறங்கலாமா என்று யோசிப்பதாகவும் தோன்றும். அப்படியே நின்றுவிடுவேன். ரேடியோவில் பாட்டு ஆரம்பித்திருக்கும்.

"அடியே அஞ்சல, மழ வருதா வல்லியா, அதச் சொல்லு மொதல்ல" என்று கோவிந்தன் அண்ணன் கத்துவார். சூளை எரிக்கிறவர் அவர். வாய் ஓயாத மனிதர்.

"ஓரிரு எடத்துல பெய்யுமாம்."

"எந்த எடம்?"

"அது சொல்லல."

"பேரச் சொன்னா என்னாவாம் அவங்களுக்கு? ஊருக்கு ஒரு பேரு இல்ல? பொண்ணு பாக்க வரேன்னு சொல்லிட்டு எந்த வூடுன்னு சொல்லாம போனா யாரு பஜ்ஜி சுட்டு வெப்பா?"

எல்லாரும் சிரிப்பார்கள். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. எங்கள் தலையில் வெயில் பிளக்கும்போது ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வரும் பஸ்ஸு கூரை சொட்டச் சொட்ட வந்து நிற்கும். அந்த ஊரில் நல்ல மழை. இங்கே மண் வெடித்துக் கிடக்கும்.

3. கொடிக்கம்பத்தில் கூடை

என்னுடைய கஷ்டம் வேறு. களம் பெரியது. ஒரு கோடியில் நின்று சொன்னால் மறு கோடிக்குக் கேட்க வேண்டும். எனக்குக் குரல் வராது. ஒவ்வொரு ஆளிடமும் போய்ப் பக்கத்தில் நின்று சொல்வேன். கடைசி ஆளுக்குச் சொல்வதற்குள் முதல் தூறல் விழுந்துவிடும்.

கோவிந்தன் அண்ணன்தான் விளையாட்டாகச் சொன்னார். "கடலூர் ஹார்பர்ல புயலுக்குக் கூண்டு ஏத்துறாங்க இல்ல? அது மாதிரி ஒண்ணு ஏத்தி வுடு. நீயும் பேச வேணாம், நாங்களும் காதத் தீட்ட வேணாம்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மறுநாள் மண் அள்ளும் கூடை ஒன்றை எடுத்து, களத்து நடுவில் இருந்த கொடிக்கம்பத்தில் கயிற்றைக் கட்டி ஏற்றிவிட்டேன். ஆகஸ்ட் பதினைந்துக்கு மட்டும் பயன்படும் கம்பம் அது.

மேனேஜர் சார் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். "என்னா இது? கொடி ஏத்துற எடத்துல கூட தொங்குது?"

நான் கமலா அக்கா முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"மழ வரலாம்னு அர்த்தம் சார்" என்றார் அக்கா. "ஒரு கூடன்னா எச்சரிக்கையா இரு. ரெண்டு கூடன்னா தூக்கிக்கினு ஓடு."

சார் கயிற்று முடிச்சை இழுத்துப் பார்த்தார். "ரெண்டாவது கூட கிழிசலாப் பாத்து ஏத்துங்க. நல்ல கூடய வீணாக்காதீங்க" என்று உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு எனக்குப் பெரிய நிம்மதி. ரேடியோவைக் கேட்பேன், வானத்தை ஒருமுறை பார்ப்பேன், கயிற்றை இழுப்பேன். பக்கத்துக் கம்பெனிக்காரர்களும் சுவருக்கு மேலே எட்டி எங்கள் கூடையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கூடை ஏறாத நாளில் எல்லாரும் நிதானமாக வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரும் மேற்கே திரும்பிப் பார்ப்பதில்லை. மத்தியானம் ஆனால் கொடிக்கம்பத்தைப் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது.

4. திரும்பிப் பார்க்கும் பசு

கமலா அக்கா மண்பானை செய்கிற குடும்பத்தில் பிறந்தவர். புருஷன் போன பிறகு ஸ்ரீமுஷ்ணத்தில் அண்ணன் வீட்டில் இருந்தார். அங்கே அண்ணி முகம் பார்த்துச் சோறு தின்ன முடியாமல் இங்கே வந்து, மேட்டுத் தெருவில் ஒரு அறை எடுத்துக்கொண்டு வேலை பார்த்தார். அவரும் என்னைப்போலப் பலகை தூக்கத்தான் வந்தார். ஆனால் சும்மா இருக்கும் நேரத்தில் கை மண்ணை உருட்டிக்கொண்டே இருக்கும்.

அந்த வருஷம் அவர் ஒரு பசுவும் கன்றும் செய்தார். பசு கழுத்தைப் பின்னால் திருப்பி, மடியில் முட்டும் கன்றின் முதுகை நாக்கால் நக்குகிற மாதிரி. நாக்கு நுனி மட்டும் கன்றின் மேல் படும். பார்த்தால் நமக்கே முதுகு கூசும்.

முதலாளிக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அவருக்குப் பயம். "கழுத்து நிக்காதும்மா. நெருப்புல ஒடஞ்சிடும்" என்றார். கடைசியில், கொலுப் பொம்மை வியாபாரி வருவதற்கு முன்னால் இருக்கும் ஒரே சூளையில் அதற்கு அச்சு எடுத்து, ஒரு பலகை நிறையப் பசு வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. கழுத்து நின்றால் அக்காவுக்கு அச்சு செய்யும் வேலை, நிரந்தரமாக. நிற்காவிட்டால் இருக்கிற வேலையும் போய்விடும். கம்பெனியில் ஆள் அதிகம் என்று முன்பே பேச்சு இருந்தது. முதலில் நிறுத்தப்போவது அக்காவைத்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

"என்னக்கா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"என்னா பண்றது, ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸு ஏற வேண்டியதுதான். அண்ணி வாசல்லயே நிக்கும், வா ராசாத்தின்னு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை.

பசுக்கள் களத்தில் காய்ந்தன. ஆனால் காற்று முழுக்க ஈரம். வழக்கமாக மொடமொடவென்று காயும் சரக்கு அந்த வாரம் தொட்டால் சில்லென்றே இருந்தது. அக்கா காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை பசுக்களின் திசையை மாற்றி வைப்பார். வெயில் நகர நகர அந்தப் பசுக்களும் திரும்பிக்கொண்டே இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் நிஜமாகவே மேய்கிற மாதிரி இருக்கும்.

5. அணைத்த ரேடியோ

சூளை அடுக்குவதற்கு முந்தின நாள். செய்தி நேரத்துக்கு முன்னாலேயே மேற்கே இடி உருண்டது.

மேனேஜர் சாருக்கு ஒரு சட்டம் உண்டு. இடி இடித்தால் ரேடியோவை அணைத்துவிட வேண்டும். கூரைக் கம்பி வழியாக மின்னல் உள்ளே வந்துவிடும் என்று பயம். அன்றும் அணைத்துவிட்டார். மழை வருமா என்று சொல்வதற்காக வைத்த ரேடியோவை மழை வருகிற மாதிரி இருந்தால் அணைத்துவிடுவோம் என்பது அதுவரை எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

நான் ஜன்னலண்டை நின்றேன். "சார், இன்னைக்கு எப்படி சார்..." என்று இழுத்தேன். அவருக்குக் கேட்கவில்லை. காதில் பஞ்சு வைத்திருந்தார்.

களத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னாண்ணா, இப்பிடி இருட்டுது?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது.

"கூட ஏறல இல்ல? அது சும்மா பாத்துட்டுப் போவ வந்திருக்குது. நீ தின்னு" என்றார் கோவிந்தன் அண்ணன்.

அப்போது வந்த வெளிச்சத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. வானம் ஈயப் பாத்திரத்தின் உட்புறம் மாதிரி ஆகிவிட்டது. கீழே பச்சைச் சரக்கு எல்லாம் தானாக ஒளி விடுகிற மாதிரி வெள்ளையாக மின்னியது. காற்று நின்றுபோயிற்று. வேப்பிலை ஒன்றுகூட அசையவில்லை. சத்தம் எல்லாம் எங்கேயோ தூரத்தில் இருந்தது. பசுக்கள் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்ப்பதாக நினைத்தேன். நானும் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

கன்னத்தில் புழுதி வந்து அடித்தது. அப்போதுதான் விழித்துக்கொண்டேன். கம்பத்துக்கு ஓடிக் கயிற்றை அவிழ்க்க நேரமில்லை. "மழ! தூக்குங்க! மழ!" என்று கத்திவிட்டேன்.

எல்லாரும் எழுந்தார்கள். ஆனால் யாரும் பலகையைத் தூக்கவில்லை. கத்தினது யார் என்று சுற்றும்முற்றும் பார்த்தார்கள். நான் கத்தி அவர்கள் கேட்டதே இல்லையே. பக்கத்துக் கம்பெனியில் எவளோ கத்துகிறாள் என்று சுவர்ப் பக்கம் பார்த்தார் கோவிந்தன் அண்ணன்.

"நான்தான்ணா! இங்க! தூக்குங்க!"

அப்புறம் ஒரே ஓட்டம். அதற்குள் சூறைக்காற்று வந்துவிட்டது. கண் திறக்க முடியாத மண். ஆளோடு ஆள் இடித்து, பலகையோடு பலகை மோதி, எப்படியோ கொட்டகைக்குள் கொண்டு போனோம். கமலா அக்காவின் பலகையைத் தூக்கியது கோவிந்தன் அண்ணன். வாசல் நிலையில் பலகை முனை இடித்தது. உள்ளே சத்தம் கேட்டது. பச்சை மண் உடைந்தால் பீங்கான் மாதிரி சத்தம் வராது. அப்பளம் நொறுங்குகிற மாதிரிதான்.

எல்லாரும் கதவோரம் நின்று மழைக்குக் காத்திருந்தோம். காற்று அடித்தது. புழுதி அடங்கியது. மேகம் எங்கள் தலைக்கு மேலேயே வடகிழக்காக நகர்ந்து போயிற்று. ஒரு சொட்டு விழவில்லை. கொஞ்ச நேரத்தில் வெயில்கூட அடித்தது.

பலகையைத் திரும்பிப் பார்த்தோம். பசுக்கள் அத்தனையும் கழுத்து அறுந்து கிடந்தன.

நான் போய்க் கீழே உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். தலை நிமிரவில்லை. அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு கழுத்தை எடுத்து உடைந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு இன்னொன்று.

"அஞ்சல, இங்க பாரு."

வெளியே வெள்ளையாகக் காய்ந்திருந்த மண்ணுக்கு உள்ளே, கழுத்து ஒட்டின இடத்தில், சாம்பல் நிறமாக ஒரு வளையம் இருந்தது. ஈரம். எல்லாக் கழுத்திலும்.

"இத அப்பிடியே சூளைல வெச்சிருந்தா?" என்றேன்.

"வெடிச்சிருக்கும். கழுத்தோட போவாது, பக்கத்துல இருக்கிறவன் சரக்கையும் சேத்துக் கெடுத்திருக்கும்." அக்கா துண்டை மண் கரைக்கும் தொட்டியில் போட்டார். "ஆனா இப்ப என்னா? நாளைக்கு அடுக்குறாங்க. நாளைக்குள்ள எவ காய வெப்பா?"

கோவிந்தன் அண்ணன் வாசல் நிலையை ஒரு முறை முறைத்துவிட்டு, அன்று முதல் தடவையாகப் பேசாமல் போனார்.

6. சொட்டச் சொட்ட வந்த வண்டி

சாயங்காலம் சூளைக்கு விறகு வர வேண்டும். முந்திரிக்கட்டை, கம்மாபுரம் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் வரும். வண்டிகள் வந்தன. மாடு, வண்டிக்காரர், கட்டை, எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. எங்களை விட்டுப்போன மழை முழுவதையும் அந்தக் கட்டைகள் வாங்கியிருந்தன.

கோவிந்தன் அண்ணன் ஒரு கட்டையைத் தூக்கிப் பார்த்துக் கீழே போட்டார். "சார், இத வெச்சி வெந்நிகூடப் போட முடியாது. பொகதான் வரும்."

"எத்தினி நாளு ஆவும்?"

"வெயிலக் கேளுங்க. என்னக் கேட்டா?"

பக்கத்துக் கம்பெனியில் கேட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அதே வண்டிகள்தான். மேனேஜர் சார் தலையில் கைவைத்துக்கொண்டார். வியாபாரியைச் சில நாள் கழித்து வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். பொம்மை காய்ந்த களத்தில் விறகைப் பரப்பினோம்.

கமலா அக்கா அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் பசு அச்சைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் நான் வருவதற்கு முன்பே வந்து ஊற்றிக்கொண்டிருந்தார். அச்சு அதேதான், ஆனால் தனியாக ஊற்றிய கழுத்தை ஈரத்திலேயே வளைத்து ஒட்டியிருந்ததால் அது பழைய பசு இல்லை. கழுத்து இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. நாக்கு நுனிக்குப் பதிலாக மோவாய் முழுவதும் கன்றின் முதுகில் சாய்ந்திருந்தது.

"நக்கறது போயிடுச்சேக்கா."

"போவட்டும். களைச்சிப்போயி சாய்ஞ்சிருக்குது. மாடு மட்டும் எவ்ளோ நேரம் கழுத்தத் தூக்கிக்கினே நிக்கும்?"

விறகு காயும்வரைக்கும் பசுவும் காய்ந்தது. இந்த முறை வெயிலில் வைத்ததோடு விடவில்லை. போன தடவை எரித்த இளஞ்சூடு இன்னும் ஆறாத சூளைச் சுவரை ஒட்டி வைத்தார் அக்கா. மேகம் வந்த நாட்களில் யாரும் கம்பத்தைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துவிட்டு, "அஞ்சல, நீ என்னா சொல்ற?" என்று என்னைக் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். பக்கத்தில் நின்றுதான் சொன்னேன். அவர்கள்தான் கிட்டே வந்து கேட்டார்கள்.

7. சூளை பிரித்த காலை

எரித்து, ஆறவிட்டு, வாசல் செங்கல்லைப் பிரித்த அன்று காலையில் முதலாளியும் வந்திருந்தார். உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு மாதிரி வெப்பம் வந்தது. கோவிந்தன் அண்ணன் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். கமலா அக்கா பக்கத்தில் வரவில்லை. தொட்டியண்டை நின்று, ஏற்கெனவே துடைத்த அச்சைத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதல் பசு வந்தது. கழுத்து இருந்தது. ஆனால் இருப்பது வேறு, நிற்பது வேறு. கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். அதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் அதை முந்தானையில் பிடித்துக்கொண்டு போய் அக்கா கையில் வைத்தேன். இன்னும் சூடு இருந்தது. அக்கா அதைக் காதருகே வைத்துக் கழுத்தில் நகத்தால் சுண்டினார்.

கணீரென்றது.

அடுத்தது, அதற்கடுத்தது. இரண்டு மட்டும் டொக்கென்றன. அவற்றை ஓரமாக வைத்தார். மற்றதெல்லாம் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசமாக, ஆனால் கணீரென்று பேசின. முதலாளி ஒன்றை வாங்கித் தானும் சுண்டிப் பார்த்தார்.

"அடுத்த சூளைக்கு எத்தினி போடலாம்?" என்று கேட்டார். அதுதான் அவர் வேலை கொடுக்கிற விதம்.

"மழ கொறஞ்சா நெறயாப் போடலாங்க" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, "அண்ணிக்கு ஒரு பசுவக் குடுத்து அனுப்பணும்டி. டொக்குன்னு கேட்டுச்சே, அந்த ரெண்டுல ஒண்ணு" என்றார்.

இருவரும் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். வரப்போவதைச் சொல்கிறவர்கள் சொல்லட்டும், கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் தலைக்கு மேலே இருப்பதை நீங்களே நிமிர்ந்து பாருங்கள். பார்த்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னது தப்பாகிப் போய் ஏதாவது உடைந்தால், பொறுக்குவதற்கு முதல் ஆளாகப் போய் உட்காருங்கள். உள்ளே ஈரம் இருந்தது உட்கார்ந்து பொறுக்கும்போதுதான் தெரியும்.